கூத்தன்செவலில் வாய் புழுத்த வருசம்

கூத்தன்செவலில் முதல் புழு விழுந்தது ஊர்த்தலைவர் சுப்புராசின் வாயிலிருந்து. அது பங்குனி மாசம், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி, சாவடியின் சிமெண்டுத் தரை காலைச் சுட ஆரம்பித்திருந்த நேரம். டிராக்டர் ஓட்டும் வேலுமயிலின் பெண்சாதி பூரணம், ஒடிந்த இடது கையை முந்தானையில் தூளி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, நாலு வயசு மகள் யாழினியை வலது கையில் பிடித்துக்கொண்டு, சாவடிக்குக் கீழே நின்று, "இனிமே என்னைய அந்த வீட்டுக்குப் போகச் சொல்லாதீங்க, எங்கயாவது கூலி வேல செஞ்சு பொழச்சுக்கிறேன்" என்று சொல்லி முடித்திருந்தாள். சுப்புராசு வழக்கம்போலச் செருமிக்கொண்டு, வழக்கம்போல வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டு, இருபது வருசமாகச் சொல்லிவந்த வார்த்தையைச் சொன்னார்.

"புருசன்னா கோவத்துல கைய நீட்டத்தான் செய்வான். பொம்பளதான் அனுசரிச்சுப் போகணும் தாயி."

தாயி என்ற சொல்லோடு சேர்ந்து அவருடைய கீழுதட்டிலிருந்து ஒரு புழு நழுவி மடியில் விழுந்தது. சொத்தைக் கத்தரிக்காயைப் பிளந்தால் உள்ளே நெளியுமே, அந்த மாதிரி; வெள்ளை உடம்பு, பழுப்புத் தலை. சுப்புராசு அதைப் பார்த்தார், சுண்டிவிட்டார். சாவடியில் உட்கார்ந்திருந்த மற்ற நாலு பேரும் பார்த்தார்கள். ஒருத்தர் தன் காலை மட்டும் கொஞ்சம் மடக்கிக்கொண்டார். "பிள்ள முகத்தப் பாரு" என்றார் சுப்புராசு, இரண்டு விழுந்தன. "ஊரு சிரிக்க வச்சிறாத" என்றார், மூன்று விழுந்தன. குடும்ப மானத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது எச்சிலோடு எச்சிலாகக் கொத்தாக வரவே, தோளில் கிடந்த துண்டை எடுத்து வாய்க்குக் கீழே ஏந்திப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் சொல்லி முடித்தார். பூரணம் மகளைக் கூட்டிக்கொண்டு வடக்குத்தெருவுக்குத் திரும்பிப் போனாள். துண்டை உதறியதும் ரெண்டு கோழிகள் ஓடிவந்தன.

சாவடிக்கு நேர் எதிர்வீட்டு வாசலில் தையல் மிசின் போட்டிருந்த உலகம்மாள் இத்தனையையும் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து போய் வாய்க்காலில் வாந்தி எடுத்தாள்.

ஊருக்கு ஒரு வாரத்தில் விவரம் பிடிபட்டுவிட்டது. பொய் சொன்னால் புழு விழவில்லை, புறணி பேசினால் விழவில்லை, பக்கத்துக் காட்டுக்காரனை நாறத்தனமாகத் திட்டினாலும் விழவில்லை. அடிபட்டு வந்து நிற்கிற ஒருத்தியைப் பார்த்துப் பொறுத்துப் போ, திரும்பிப் போ, உன் விதி அது என்று எவர் சொன்னாலும், ஆணாகட்டும் பெண்ணாகட்டும், சொன்ன வாயிலிருந்து புழு விழுந்தது. பெற்ற தாய்மார் வாயிலிருந்தும் விழுந்தது. சாத்தூருக்கும் சிவகாசிக்கும் கட்டிக்கொடுத்த மகள்கள் போனில் அழ, "உங்கப்பாருகிட்ட நான் படாததாடி" என்று தாய்கள் ஆறுதல் சொல்ல, கைபேசியின் கண்ணாடியில் புழு ஊர்ந்து, எதிர்முனையில் அழுதவளின் படத்தின் மேல் ஏறி நெளிந்தது. அதை முந்தானையால் துடைத்துவிட்டு, "சிக்னலு சரியில்ல, அப்புறம் பேசு" என்று வைத்தார்கள்.

கோயில் பூசாரி தெய்வக்குத்தம் என்று குறி சொன்னார். ஊர் சேர்ந்து பொங்கல் வைத்தது. பொங்கல் வைத்த அன்றே பூசாரி தன் மருமகளுக்குப் புத்தி சொல்லப்போக, பொங்கல் இலையிலேயே நாலு புழு விழுந்தது. டவுன் டாக்டர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பூச்சி மாத்திரையை எழுதிக் கொடுத்தார். சின்னவர் பெரியவர் எல்லோரும் போட்டார்கள். வயிற்றுப் பூச்சி செத்தது, வாய்ப் பூச்சி சாகவில்லை. வேப்பங்கொழுந்தை மென்று பார்த்தார்கள், உப்பு நீரால் கொப்பளித்துப் பார்த்தார்கள், மஞ்சளை நாக்கில் தடவிப் பார்த்தார்கள். பிறகு, எதற்கும்தான் மனுசன் பழகிப்போகிறானே, இதற்கும் பழகிப்போனார்கள். சாவடியில் ஆளுக்கொரு எவர்சில்வர் கிண்ணம் வந்தது. துண்டு ஏந்துவது மரியாதைக் குறைவு என்று ஆகி, கிண்ணம் ஏந்துவது மரியாதை ஆயிற்று. கிண்ணத்தில் கொஞ்சம் உப்பைப் போட்டு வைத்தால் நெளியாமல் கிடக்கும் என்று ஒருத்தர் கண்டுபிடித்தார். பஞ்சாயத்து முடிந்ததும் கிண்ணங்களைக் கழுவி, வேப்பமரத்தடியில் வரிசையாகக் கவிழ்த்தார்கள்.

கோழிகள்தான் கொழுத்தன. சாவடியைச் சுற்றி மேய்ந்த கோழியெல்லாம் வாத்து மாதிரி நடந்தது, முட்டைகள் பெருத்தன, உடைத்தால் மஞ்சள் கரு ஆரஞ்சுப் பழ நிறத்தில் இருந்தது, லேசாக ஒரு வாடை அடித்தது. அந்த முட்டையை ஊர் தின்றது. மிளகு கூடப் போட்டுப் பொரித்தால் வாடை தெரியாது என்று சொல்லிக்கொண்டு தின்றது.

இத்தனை வைத்தியம் பார்த்த ஊர், அந்த வார்த்தையைச் சொல்லாமல் விட்டுப் பார்ப்போம் என்று மட்டும் நினைக்கவில்லை.

உலகம்மாளுக்குத் தன் வாய் சுத்தமானது என்பதில் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. நாற்பத்தெட்டு வயசு அவளுக்கு. பன்னிரண்டு வருசம் அவளை அடித்தவன் மஞ்சள்காமாலையில் செத்துப்போக, நல்ல மனுசன் என்று ஊரே அழுது அடக்கம் செய்த பிறகு, தையல் மிசினை வாசலுக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்தவள். ஊரில் யார் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று சாவடிக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுடைய அளவு டேப்புக்குத் தெரியும். சித்திரை வெயிலில் வந்து, "சித்தி, கைய முழங்கைக்குக் கீழ வச்சிருங்க" என்பாள் ஒருத்தி. "கழுத்த ஏத்தித் தையுங்க, பின்னால இறக்கம் வேண்டாம்" என்பாள் இன்னொருத்தி. மாடிப்படியில் விழுந்துட்டேன் என்பார்கள். கூத்தன்செவலில் மாடி வீடே மூன்றுதான். மாடிப்படியில் விழுந்த பெண்கள் முப்பது பேர். உலகம்மாள் எதுவும் கேட்க மாட்டாள். பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு, கேட்ட இடத்தில் கேட்ட நீளத்தை வைத்து, காயம் வெளியே தெரியாதபடி அத்தனை நேர்த்தியாகத் தைத்துக் கொடுப்பாள். கை நீளமான ரவிக்கைக்கு அவளைப் போல ஆளில்லை என்று பேர். நான் ஒருத்தியையும் திரும்பிப் போன்னு சொன்னதில்லை என்று அவள் நினைத்துக்கொள்வாள். அது நிசம்தான்; அவள் யாரிடமும் எதுவுமே சொன்னதில்லை.

சித்திரை கடைசியில், ஒரு நண்பகலில், பூரணம் ஒரு ரவிக்கைத் துணியோடு வந்தாள். கைக்கட்டு அவிழ்ந்திருந்தது, ஆனால் கை முழுதாக நீளவில்லை. யாழினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவரு எடுத்துக் குடுத்தாரு சித்தி" என்றாள் பூரணம், துணியை நீட்டி. "அடிச்ச மறுநாளு எப்பவும் துணி எடுத்துக் குடுப்பாரு."

உலகம்மாள் முதுகுக்கு அளவு எடுத்தாள். டேப் ஓரிடத்தில் வழுக்கியது, அடுத்த இடத்தில் மேடேறியது. டிராக்டர் பெல்ட்டின் அகலத்துக்கு, வலது தோளிலிருந்து இடுப்பு வரைக்கும், வரி வரியாகத் தடித்திருந்தது. ஒரு வரியின் மேல் தோல் உரிந்து நீர் கோத்திருந்தது. சேலையின் நூல் அதில் ஒட்டியிருந்தது.

"சித்தி, ஒன்னு கேக்கட்டா?"

"கேளு."

"உங்க வீட்டுல ஒரு நாலு நாளு இருந்துக்கிறேன். பிள்ளைக்கு மட்டும் கஞ்சி ஊத்துங்க, எனக்கு வேண்டாம். அதுக்குள்ள எங்கயாவது வேல பாத்துக்கிட்டுப் போயிருவேன்."

உலகம்மாள் எதிரே பார்த்தாள். வேப்பமரத்தடியில் கிண்ணங்கள் வெயிலில் காய்ந்தன. வேலுமயில் வந்து வாசலில் நின்று கத்துவதை நினைத்தாள், சுப்புராசு கூப்பிட்டு அனுப்புவதை நினைத்தாள், தனியாக இருக்கிற பொம்பளை என்று ஊர் என்னென்ன பேசும் என்பதை நினைத்தாள். பிறகு, மெதுவாக, அன்பாகத்தான் சொன்னாள்.

"இப்பப் போ ஆத்தா. இன்னும் கொஞ்ச நாளு பொறுத்துப் பாரு. எல்லாம் சரியாயிரும்."

நாக்குக்கு அடியில் ஏதோ அசைந்தது. குளிர்ந்து, மெத்தென்று, பல்லின் உட்புறத்தைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தது. அதன் தலை உதட்டைத் தொட்டபோது உலகம்மாள் வாயை இறுக்கி மூடினாள், பூரணம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், துப்பினால் தெரிந்துவிடும். உலகம்மாள் விழுங்கினாள்.

பூரணம் முந்தானையை இழுத்து முதுகை மூடினாள். துணியை மிசின் மேல் வைத்துவிட்டு, மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வெயிலில் இறங்கி நடந்தாள்.

அன்றைக்கு உலகம்மாள் சோற்றுப் பானையைத் திறந்து, வெள்ளை வெள்ளையாகக் கிடந்த பருக்கைகளைப் பார்த்துவிட்டு மூடினாள். மறுநாளும் மூடினாள். உப்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்து, தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுத்துப் பார்த்தாள்; தண்ணீர்தான் வந்தது. வயிற்றுக்குள் அது ஒன்றல்ல, நிறைய இருக்கிற மாதிரி இருந்தது. முப்பது பெண்களுக்கும் வாயைத் திறக்காமல் தைத்துக் கொடுத்தாளே, அந்த வருசங்களின் புழுவெல்லாம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கிடந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. தன் எச்சிலை விழுங்கவே அருவருப்பாக இருந்தது. அடுத்த வீட்டுக்காரி பொரித்த முட்டை கொண்டுவந்தபோது, அந்த மணம் பட்டதுமே, கதவைச் சாத்திக்கொண்டாள்.

இதற்கிடையில் சாவடியில் ஒரு பெரிய கண்டுபிடிப்பு நடந்திருந்தது. புழு வாயிலிருந்துதானே வருகிறது, கையிலிருந்து வரவில்லையே என்று யாரோ ஒருத்தருக்குப் பொறிதட்டியது. அவ்வளவுதான். மேலத்தெருவிலிருந்து மூக்கில் ரத்தத்தோடு வந்த ஒருத்தி சொல்லச் சொல்ல ஐந்து பேரும் வாயைத் திறக்காமல் கேட்டார்கள். முடித்ததும் ஐந்து பேரும் ஐந்து கைகளைத் தூக்கி அவள் புருசன் வீட்டுப் பக்கம் நீட்டினார்கள். அவள் போனாள். ஒரு புழுகூட விழவில்லை. சாவடியில் சந்தோசம் தாங்கவில்லை. கிண்ணங்களைக் கொண்டுபோய் அவரவர் வீட்டில் கொடுத்துவிட்டார்கள். "ஊரு சுத்தமாயிருச்சுப்பா" என்று சுப்புராசு சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ரவிக்கைத் துணி கொண்டுவந்த நாலாம் நாள் காலையில் பூரணம் மறுபடியும் சாவடிக்கு வந்தாள். நெற்றியில் ஒரு பழைய பாவாடைத் துணியைச் சுற்றியிருந்தாள். துணி நனைந்து, புருவத்தின் மேல் சொட்டியது. யாழினி அழவில்லை, அம்மாவின் சேலையில் சொட்டிய இடங்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கதவுல வச்சு மோதிட்டாரு" என்று மட்டும் சொன்னாள் பூரணம்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. ஐந்து கைகள் எழுந்தன. ஐந்தும் வடக்குத்தெருவைக் காட்டின. வெயிலில் மோதிரங்கள் மின்னின. அவ்வளவு அமைதியாக, அவ்வளவு சுத்தமாக இருந்தது சாவடி.

உலகம்மாள் மிசினை விட்டு எழுந்தாள். காலில் செருப்பில்லாமல் தெருவைக் கடந்து, பூரணத்தின் நல்ல கையைப் பிடித்தாள்.

"வா. உள்ள வா."

"ஏ உலகம்மா" என்றார் சுப்புராசு, "பஞ்சாயத்து நடக்குல்ல?"

"நடக்கட்டும்."

"அவ புருசன் வீடு அந்தப் பக்கம்."

"தெரியும் அண்ணாச்சி. அந்த வீட்டுல என்ன நடக்குன்னு அங்குலக் கணக்குல எனக்குத் தெரியும். இவ இனிமே அங்க போகல."

அவள் பூரணத்தை உள்ளே உட்கார வைத்து, நெற்றித் துணியின் மேல் இன்னொரு துணியை வைத்து அழுத்திக்கொண்டே, 108-க்குப் போன் செய்தாள். வண்டி வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்த முக்கால் மணி நேரத்தில் ஊர் அவள் வாசலுக்கு வந்துவிட்டது. கையை நீட்டிக் காட்டிப் பார்த்தார்கள், உலகம்மாள் நகரவில்லை. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தார்கள். அடுத்தவ குடும்பத்துல ஏன் தலையிடுறே என்றார்கள், பிள்ளைக்கு அப்பன் வேண்டாமா என்றார்கள், நாளைக்கு உனக்கு ஒன்னுன்னா யாரு வருவா என்றார்கள். கிண்ணம் இல்லாததால் புழுக்கள் அவரவர் சட்டையிலும் சேலையிலும் உலகம்மாளின் வாசற்படியிலும் பொலபொலவென்று உதிர்ந்தன, மிதித்தவர்கள் வழுக்கினார்கள், கோழிகள் கால்களுக்கிடையில் புகுந்தன. உலகம்மாளுக்கு ஓங்கரித்து வந்தது. ஆனாலும் நிலையை விட்டு நகரவில்லை.

வேலுமயில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "என் பொண்டாட்டி. அடிப்பேன், வெட்டிக்கூடப் போடுவேன். நீ யாருடி?" என்றான். அவன் வாயிலிருந்து எதுவும் விழவில்லை. ஈறு சிவந்து, பல் வெளுத்து, விளம்பரத்தில் வருகிற வாய் மாதிரி அத்தனை சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் உலகம்மாளுக்கு விளங்கியது: புழு அவனுக்கு வந்த நோயே இல்லை, அவனைச் சுற்றி நின்றவர்களுக்கு வந்தது.

அவன் யாழினியின் கையைப் பிடித்து இழுத்தான். உலகம்மாள் வெட்டுமேசையிலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள்; ஓங்கவில்லை, நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளைய விடு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். விட்டான். வெளியே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் ஏழு தையல் போட்டார்கள். அங்கிருந்து, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு, மத்தியானம் போலீஸ் ஸ்டேசனுக்குப் போனார்கள். ஏட்டையா மனுவை வாங்கி, பாதி படித்து, "குடும்பப் பிரச்சினைதானம்மா, கூப்பிட்டுக் கண்டிச்சு அனுப்புறோம், நீ வீட்டுக்குப் போ" என்றார். மனுவின் மேல் ஒரு புழு விழுந்தது. அவர் சலிப்போடு மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு உப்புப் பொட்டலத்தை எடுத்து, ஒரு சிட்டிகை தூவினார். பொட்டலம் பாதி காலியாகியிருந்தது.

பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்த பெண் காவலர் எழுந்து வந்தார். சட்டையில் ஜெசிந்தா என்று பேர் குத்தியிருந்தது. மனுவை இழுத்து, உப்பையும் புழுவையும் ஏட்டையாவின் பக்கமாகவே தட்டிவிட்டு, "இங்க வந்து உக்காருங்கம்மா, மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றார்.

பூரணம் சொன்னாள். அவள் முடித்ததும் உலகம்மாள் சொன்னாள்: எந்த மாசம் எந்த இடத்தில் காயம், எத்தனை அங்குலம், எந்த ரவிக்கைக்கு அளவு எடுக்கும்போது பார்த்தது. ஜெசிந்தா எழுதினார். கடைசியில் உலகம்மாள் நிறுத்தினாள்.

"இவ எங்கிட்ட வந்து இடம் கேட்டா. நானும் போன்னுதான் சொன்னேன். அதையும் எழுதிக்கோங்க."

"அது கேசுக்குத் தேவையில்லம்மா."

"பரவால்ல, எழுதுங்க."

வெளியே வந்து, ஸ்டேசன் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். யாழினி பன்னைப் பாலில் தோய்த்துத் தின்றாள். உலகம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு எனக்கும் விழுந்துச்சு பூரணம். முழுங்கிட்டேன்" என்றாள்.

"தெரியும் சித்தி" என்றாள் பூரணம். "உங்க தொண்ட ஏறி எறங்குனதப் பாத்தேன்."

"தெரிஞ்சுமா இன்னைக்கு எங்கூட வந்த?"

"வேற யாரு கூப்பிட்டா?" என்றாள் பூரணம். மன்னித்ததாகவும் அவள் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தாள்.

வேலுமயில் ரிமாண்டில் நாற்பது நாள் இருந்து ஜாமீனில் வந்தான். பூரணத்தின் பக்கம் போகக்கூடாது என்று கோர்ட்டு உத்தரவு போட்டது. ஒருநாள் குடித்துவிட்டு உலகம்மாள் வாசலுக்கு வந்தான். மேலத்தெருவிலிருந்து மூக்கில் ரத்தத்தோடு சாவடிக்கு வந்து திரும்பிப் போனாளே, அவள் போன் செய்து ஜெசிந்தாவைக் கூப்பிட்டாள். வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா உலகம்மாள் கூடப் போகிறாள். பூரணம் ஏழு மாசம் உலகம்மாளின் வீட்டில் இருந்தாள். அதற்கப்புறம் டவுனில் ஒரு பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் வேலை கிடைத்து, பக்கத்திலேயே ஓர் அறை பிடித்து, யாழினியை அதே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். கை முழுசாக நீளாமல்தான் இருக்கிறது.

கூத்தன்செவலில் புழு நிற்கவில்லை. சிலபேர் கையை நீட்டுகிறார்கள், சிலபேர் மறுபடியும் கிண்ணம் வாங்கியிருக்கிறார்கள். சில வீடுகளில் மட்டும், அடிபட்டு வந்த மகளைப் பார்த்து, வழக்கமான வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்து, அங்கே என்னவோ மெத்தென்று தட்டுப்பட, தாய் பல்லைக் கடித்துக்கொண்டு, வேறொரு வார்த்தையைத் தேடுகிறாள். "சாப்பிட்டியா?" என்கிறாள். "உள்ள வந்து படு" என்கிறாள். ரொம்ப வீடுகளில் இல்லை. நாலைந்து வீடுகளில்.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும், உச்சிப்பொழுதில் உலகம்மாளின் வாசலில் சுப்புராசின் மனைவி சீனியம்மாள் வந்து நின்றாள். அறுபத்தி மூணு வயசு. சாவடியில் இருக்கிற எல்லோரும் பார்க்கிற நேரம். அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊருக்காகச் சமாதானம் பேச வந்திருக்கிறாள் என்று உலகம்மாள் நினைத்தாள். சீனியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முந்தானையை எடுத்தாள்.

"இத்தன வயசுக்கு அப்புறம் சொல்லலாமா உலகம்மா? கேப்பாகளா?"

"நான் கேக்கேன் மதினி. சொல்லுங்க."

"ஆரம்பத்துல இருந்தா?"

"ஆரம்பத்துல இருந்து."

சீனியம்மாள் சொல்லத் தொடங்கினாள். நாற்பத்தியொரு வருசத்தைச் சொல்லி முடிக்க அன்றைக்குப் பொழுது போதவில்லை. மறுநாள் காலையில், வீட்டில் அடுப்பைப் பற்றவைக்காமலேயே கிளம்பி வந்துவிட்டாள்.